அப்பாவின் சங்கப் பதாகையைத் தைத்துக் கொடுத்த அக்கா

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில், அஞ்சடியிலேயே (கடைமுன் நடைபாதையிலேயே) மிஷின் போட்டுத் தைக்கும் அக்காவின் கடை இது. வழக்கமாகப் பள்ளிச் சீருடையும் ரவிக்கையும்தான் வரும். நான் கொண்டுபோனது எங்கள் ரப்பர் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையின் கிழிந்த பதாகை.

அப்பா கிளைச் செயலாளராக இருந்தவர். 1972-இல் மே தினம் பொது விடுமுறையானதற்கு அடுத்த ஆண்டு லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பெண்கள் கையால் தைத்த சிவப்புத் துணி அது. நடுவில் பற்றிக்கொண்ட இரண்டு கைகள், கீழே ரப்பர் பால்வெட்டும் கத்தியும், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும். கத்தி ஏன் என்று கேட்பவர்கள் ஒரு மரமாவது வெட்டிப் பார்க்க வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை புடைத்து வளர்ந்து அடுத்த வெட்டுக்கு உதவாது. அந்தக் கைத்திறமைதான் பதாகையில் இருக்கிறது.

முதலில் ஈப்போவில் ஓர் அச்சுக்கடைக்குப் போனேன். "இத தூக்கிப் போடுங்க அங்கிள், பிளாஸ்டிக்ல புதுசா அடிச்சித் தரோம்" என்றார்கள். வந்துவிட்டேன்.

அக்கா துணியை விரித்ததும் திருப்பிப் போட்டார். "பின்பக்கம்தான் தம்பி தைச்சவங்க கைய காட்டும்." ஒரு கை சங்கிலித் தையல், இன்னொரு கை நிரப்புத் தையல். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைத் தைத்திருக்கிறார்கள்! இத்தனை வருடம் நான் பார்க்கவே இல்லை.

மேல் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள், கறுப்பு நூல் துணுக்குகள். அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்தில் யாராவது இறந்த வருடம் அங்கே கறுப்புத் துணி தைப்பார்களாம். இங்கிலாந்தின் டர்ஹம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் இதே வழக்கம் இருந்தது: 1871 முதல் நடக்கும் அவர்கள் ஊர்வலத்தில், அந்த ஆண்டு சாவு விழுந்த சுரங்கத்தின் பதாகை அப்போதெல்லாம் கறுப்புத் துணி போர்த்தி வந்தது. அக்கா அந்தத் துளைகளை அடைக்கவில்லை. நான் சொல்லாமலேயே விட்டுவைத்தார்.

லண்டனில் சங்கப் பதாகைகள் செய்த ஜார்ஜ் டுட்டில், சுருட்டினாலும் வண்ணம் வெடிக்காமலிருக்கப் பட்டுத்துணியில் ரப்பர் பூசும் முறைக்கு 1861-இல் காப்புரிமை பெற்றார். பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்கே ரப்பர் கன்று 1877-இல்தான் வந்தது. இதை அக்காவிடம் சொன்னேன். "நம்மளது வெறும் துணியா இருக்கிறது நல்லது, ஊசி இறங்குது" என்றார்.

கூலி 180 வெள்ளி (ரிங்கிட்). பத்து நாள் என்றவர் மூன்று வாரம் எடுத்தார். பின்னால் மெல்லிய பருத்தித்துணி கொடுத்து, கம்பு நுழையும் பட்டியை இரட்டைத் தையலாகப் போட்டிருக்கிறார். கத்தியைச் சுற்றிய புதுச் சிவப்பு நூல் மட்டும் வெயிலில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. அதை முன்பே சொல்லிவிட்டுத்தான் தைத்தார்.

உங்களிடமும் பழைய பதாகை இருந்தால் காலையிலேயே போங்கள், அக்கா நிதானமாகப் பார்ப்பார். மடிக்காமல் சுருட்டிக் கொண்டுபோங்கள். எங்களுடையது மடிப்பில்தான் கிழிந்திருந்தது.