கை ஓங்கும் மகன்: காவல் நிலையமா, மனநல மருத்துவரா?

தொண்டி, மண்டபம் பக்கம் பல பெற்றோர் இதில்தான் தவிக்கிறார்கள். இப்படிக் கை ஓங்கும் சிலருக்குச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருக்கலாம்; பிறர் உரிமையையும் சட்டத்தையும் தொடர்ந்து மதிக்காமல் நடக்கும் மனநலக் கோளாறு அது. அது உள்ள எல்லோரும் வெட்டு, கொலை என்று இறங்குவதில்லை. குடி சேரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது.

வேகம்: 112-ஐ அழைத்தால் அன்றிரவே உதவி வரும். சிகிச்சைக்கு மாதங்கள் ஆகும்.

செலவு: புகாருக்குக் காசில்லை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை விடாமல் கேட்டு வாங்குங்கள். மருத்துவத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

பலன்: கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் குடியை நிறுத்த மருந்துண்டு, அதுவே பாதி நிம்மதி. 18 வயதுக்கு முன் மருத்துவர்கள் இந்தக் கோளாறு என்று பெயர் வைக்கமாட்டார்கள். 15-க்கு முன்பே திருட்டு, நாய் பூனையை வதைப்பது இருந்ததா என்று கேட்பார்கள், எழுதிக்கொண்டு போங்கள்.

மீன் வெட்டும் கத்தியைத் தூக்கிவிட்டானா? முதலில் காவல் நிலையம், பிறகு மருத்துவர். பன்னிரண்டு வயதில் பொய்யும் திருட்டுமாகத் திரியும் பையனுக்கு மருத்துவர்தான், இந்த வாரமே.