“ரா டேட்டா முழுசும் அனுப்புங்க”: ட்ரோன் சர்வே சப் காண்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒன்றிரண்டு ட்ரோன்களை வைத்துக்கொண்டு, இடையில் இருக்கும் ஏஜென்சிகளிடம் சர்வே வேலை வாங்கிச் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு ஏஜென்சி என் வேலையை “ரிஜெக்ட்” என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிட்டு, அதே வேலையைத் தன் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்திருக்கிறது. பெயரைப் போடவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொன்னாலே உங்களுக்கு உதவும். இந்தத் தொழிலில் இருக்கும் வேறு சிலரும் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வேலை சாதாரணமானது. ஒரு பெரிய யார்டில் கொட்டி வைத்திருக்கும் ஜல்லி, மணல் குவியல்களின் கன அளவைக் கணக்கிட்டுத் தர வேண்டும். கூடவே ஆர்த்தோ படமும் (படங்களை இணைத்து, வரைபடம்போல அளவு சரிசெய்த மேலிருந்து பார்க்கும் படம்) சர்ஃபேஸ் மாடலும் (மேற்பரப்பின் உயரங்களைக் காட்டும் மாதிரி). “இது முதல் வேலைதான் சார், பின்னாடி வரிசையா சைட் இருக்கு, ரேட்டை மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று ஏஜென்சியின் மேனேஜர் பேச்சை ஆரம்பித்தார். ரேட்டைக் குறைக்க அவர் சொன்ன காரணம், ட்ரோன் தயாரிப்பாளர் விளம்பரத்தில் போட்டிருக்கும் பறக்கும் நேரம். அந்த நேரம் காற்றே இல்லாத சூழலில், பேட்டரி அநேகமாக முழுவதும் தீரும்வரை பறந்து எடுத்தது. காற்றில், கோடு கோடாகத் திரும்பித் திரும்பிப் பறந்து, 25 முதல் 30 சதவீதம் மிச்சம் வைத்து இறங்குகிறவர்களுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். எத்தனை பேட்டரி செட் வேண்டும், எவ்வளவு நேரம் தளத்தில் நிற்க வேண்டும் என்பதை எழுதிக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

அடுத்து வேலை ஆணையை மெயிலில் அனுப்பினார்கள். அதில் மூன்று வரிகள்தான் பின்னால் ஆயுதமாக மாறின. “துல்லியம் 5 செ.மீ.” என்று ஒரு வரி. “தர ஆய்வுக்காக ரா டேட்டா முழுவதும் ஒப்படைக்கப்பட வேண்டும்” என்று ஒரு வரி; ரா டேட்டா என்றால் ட்ரோன் எடுத்த அசல் படங்களும் பதிவுகளும். “ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 30 நாட்களில் பணம்” என்று ஒரு வரி. 5 செ.மீ. என்பது கிடைமட்டமா, செங்குத்தா, சராசரியா, அதிகபட்சமா, எந்த உயர அடிப்படையில் (உயரத்தை எதிலிருந்து அளப்பது) என்ற விவரமே கிடையாது. விவரம் கேட்டு நான் எழுதியதற்கு, “ஸ்டாண்டர்டா எல்லாரும் பண்றதுதான் சார்” என்று பதில் வந்தது. தளத்தில் பெஞ்ச்மார்க் (உயரம் முன்பே அளந்து குறித்த புள்ளி) இருக்கிறதா, அதன் உயர மதிப்பைத் தர முடியுமா என்றும் கேட்டேன். “வால்யூம்தானே சார், அதெல்லாம் தேவைப்படாது” என்றார். அந்த மெசேஜ் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அனுமதி வாங்கும் பொறுப்பு தங்களுடையது என்றார்கள். அனுப்பிய நகலைத் திறந்து பார்த்தால் அதில் குறிப்பிட்டிருந்த எல்லை வேறு ஒரு தளத்துடையது. திருப்பி அனுப்பி, சரியானதை வாங்கிய பிறகுதான் கிளம்பினேன். இதை ஏஜென்சியின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். கேள்வி வரும்போது ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள்தான். தாளில் இருக்கும் இடம், தேதி, ட்ரோன் எண், பைலட் பெயர் எல்லாவற்றையும் நீங்களே ஒத்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இந்த வகை வேலைக்குக் காப்பீடு உண்டா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

தளத்தில் நின்றபோது மேனேஜர் போன் செய்தார். “சார், அறுபது மீட்டர்ல பறந்தா லேட் ஆகும். இருநூறுல ஏத்திட்டீங்கன்னா ஒரே மூச்சுல முடிஞ்சிரும். அங்க யாரு பார்க்கப் போறாங்க?” பல நாடுகளில் வழக்கமான உச்சவரம்பு 120 மீட்டர், அதாவது ஏறத்தாழ 400 அடி. சட்டத்தை விடுங்கள், அவர்கள் கேட்ட துல்லியத்துக்கே அது ஒத்துவராது. ஒரு இன்ச் சென்சார், 20 மெகாபிக்சல், 8.8 மி.மீ. லென்ஸ் உள்ள கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டரில் ஒரு பிக்சல் தரையில் 1.6 செ.மீ.; 100 மீட்டரில் 2.7, 200 மீட்டரில் 5.5. உயரத்தில் வரும் பிழை, நன்றாகச் செய்த வேலையிலும், பிக்சல் அளவைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை போகலாம் என்பது நாம் கைக்கணக்காக வைத்திருப்பது. 200 மீட்டரில் பறந்துவிட்டு 5 செ.மீ. தருகிறேன் என்று யாருமே சொல்ல முடியாது. நான் 60-லேயே பறந்தேன். ஒருவேளை மேலே ஏற்றியிருந்தால் “ரிஜெக்ட்” செய்ய அவர்களுக்கு உண்மையான காரணமே கிடைத்திருக்கும். துல்லியமும் கேட்டு, உயரமும் ஏற்றச் சொல்கிறவர் வேலையின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இல்லை. அப்படி ஒரு போன் வந்தால், பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

மாடலைத் தரையோடு பொருத்த உதவும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஆர்டிகே ரோவரில் (சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி) எடுத்தேன். அவற்றோடு சேர்க்காமல், சரிபார்க்க மட்டும் தனியாகச் சில செக் பாயிண்டுகளையும் கெட்டியான தரையில் எடுத்துவைத்தேன். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று முன்பின்னாக 80 சதவீதமும் பக்கவாட்டில் 70 சதவீதமும் படிந்திருந்தன. செக் பாயிண்ட் முடிவுகள் நன்றாகவே வந்தன. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே “உயரங்கள் எலிப்சாய்டு அடிப்படையில்” (அதாவது ஜிபிஎஸ் தரும் உயரம்) என்று எழுதி, குவியல்களின் கணக்கு, ஆர்த்தோ, மாடல், வேலை ஆணைப்படி ரா படங்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன்.

பிறகு வெகுநாள் மௌனம். பில்லைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் “க்யூசி டீம் பார்த்துக்கிட்டிருக்காங்க” என்ற ஒரே பதில். கடைசியில் ஒரு மெயில்: “தளத்தின் பெஞ்ச்மார்க்கோடு ஒப்பிட்டதில் உங்கள் உயரங்கள் பல மீட்டர் தவறு. 5 செ.மீ. துல்லியம் இல்லை. வேலை நிராகரிக்கப்படுகிறது. உங்கள் செலவில் மறுபடியும் பறந்து தரவும்.”

நான் கேட்டபோது தேவையில்லை என்ற அதே பெஞ்ச்மார்க்!

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் பயந்துபோய் இரண்டாவது தடவை இலவசமாகப் பறந்து கொடுப்பது இங்கேதான். ஜிபிஎஸ் வழியாகக் கிடைக்கும் உயரம், எலிப்சாய்டு என்ற கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுவது. சர்வேயர் லெவலிங் செய்து பெஞ்ச்மார்க்கில் குறிக்கும் உயரம் பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. ஜியாய்டு என்ற மேற்பரப்பு அதற்கு நெருக்கமானது. எலிப்சாய்டும் ஜியாய்டும் ஒன்றாக இருப்பதில்லை. உலகத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வித்தியாசம் மாறும். இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு எலிப்சாய்டுக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே இருக்கிறது. நியூ கினி பக்கம் ஏறத்தாழ 85 மீட்டர் மேலே. ஆக, இரண்டு உயரங்களும் பல மீட்டர் வேறுபடுவது எதிர்பார்க்க வேண்டியதே. ஒரு சிறிய தளத்துக்குள் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். அவர்கள் அனுப்பிய ஒப்பீட்டு அட்டவணையை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியிலும் அதே வித்தியாசம். அதை நீக்கினால் மிஞ்சியது சில சென்டிமீட்டர்கள். சர்வே தவறாக இருந்தால் பெரும்பாலும் பிழை இங்கே கூடியும் அங்கே குறைந்தும் சிதறிக் கிடக்கும், இல்லையென்றால் சாய்ந்தோ வளைந்தோ போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கேட்டது குவியலின் கன அளவு. குவியலின் மேற்பரப்பும் அடித்தளமும் ஒரே மாடலில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே அளவு தூக்கினாலும் இறக்கினாலும் நடுவே இருக்கும் கன அளவு மாறவே மாறாது. ஒரு பைசா அளவுகூட அவர்களுடைய முடிவைப் பாதிக்காத ஒன்றை வைத்து முழு வேலையையும் நிராகரித்தார்கள். அட்டவணையோடு விளக்கி எழுதினேன். உயரம் கடல்மட்டத்தில்தான் வேண்டுமென்றால் பெஞ்ச்மார்க் மதிப்பைத் தாருங்கள், மாற்றித் தருகிறேன், அதற்கு மறுபடி பறக்கத் தேவையே இல்லை என்றும் எழுதினேன். பதில் வரவில்லை.

பதில் வேறு பக்கமிருந்து வந்தது. அந்த யார்டின் சைட் எஞ்சினியர் ஒருநாள் என்னை அழைத்து, “உங்க ரிப்போர்ட்ல இந்தக் குவியலோட அடித்தளத்தை எப்படி எடுத்தீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். நான் வைத்த குவியல் எண்கள், நான் கணக்கிட்ட அளவுகள், அட்டையில் மட்டும் ஏஜென்சியின் பெயர். நிராகரிப்பு மெயில் எனக்கு வருவதற்கு முன்பே அறிக்கை அவர் கைக்குப் போயிருக்கிறது. என் போன் எண் அவருக்குக் கிடைத்தது, தள நுழைவுப் பதிவேட்டில் நான் எழுதியிருந்ததால்.

அதைக் குறிப்பிட்டு ஏஜென்சிக்கு எழுதிய பிறகு, பாதிக்கும் குறைவான தொகையைப் போட்டுவிட்டு, “இனி எந்தப் பாக்கியும் இல்லை” என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்திடவில்லை. மீதி இன்றுவரை வரவில்லை.

இப்போது நான் வேலை எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். துல்லியம் என்ற சொல்லைத் தனியாக எங்கேயும் விடுவதில்லை. கிடைமட்டம் இவ்வளவு, செங்குத்து இவ்வளவு, ஆர்எம்எஸ்இ (பிழைகளின் வர்க்கங்களுடைய சராசரியின் வர்க்கமூலம்) கணக்கில், இத்தனை செக் பாயிண்டுகளில், கெட்டியான வெற்றுத் தரையில், இந்த உயர அடிப்படையில் என்று முழு வாக்கியமாக எழுதி ஒப்புதல் வாங்குகிறேன். செங்குத்தில் ஆர்எம்எஸ்இ 5 செ.மீ. என்றால், பிழைகள் இயல்பாகப் பரவியிருக்கும் பட்சத்தில், 95 சதவீதப் புள்ளிகள் ஏறத்தாழ 10 செ.மீ.க்குள் இருக்கும், சில அதற்கு வெளியேயும் போகும். இதை முன்பே எழுதாவிட்டால் 8 செ.மீ. வந்த ஒரே புள்ளியைக் காட்டி முழு வேலையையும் தள்ள முடியும். புல்லும் புதரும் இருந்தால் கேமராவுக்குத் தெரிவது இலைகளின் மேற்பரப்புதான், கீழே இருக்கும் மண் தெரியாது என்பதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

முழுப் பணம் வரும்வரை ரா டேட்டா வெளியே போவதில்லை. ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃபிலும் (படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் விவரங்கள்) இடக்குறிப்பு இருக்கிறது. ஆர்டிகே ட்ரோன் என்றால் கூடவே நேரக்குறிப்புக் கோப்பும் செயற்கைக்கோள் பதிவுக் கோப்பும் வருகின்றன. இவை கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் வேலையை அப்படியே திரும்பச் செய்துகொள்ளலாம். தரம் பார்க்கத்தான் வேண்டுமென்றால், செக் பாயிண்ட் அறிக்கை, வாட்டர்மார்க் போட்ட சிறிய அளவு ஆர்த்தோ, ஒரு குவியலின் முழுக் கணக்கு ஆகியவை தாராளமாகப் போதும். நேர்மையான ஏஜென்சிகள் இதை மறுப்பதில்லை. சந்தேகம் இருந்தால் தளத்துக்கு வாருங்கள், நீங்கள் காட்டும் இடத்தில் சேர்ந்து அளந்து பார்க்கலாம் என்றும் அழைக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, கிளம்புவதற்கு முன் அட்வான்ஸ். குறை இருந்தால் ஒப்படைத்த 10 நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் என்ற வரி. “எங்களுக்குக் கிளையண்ட் கொடுத்ததும் உங்களுக்குத் தருகிறோம்” என்ற நிபந்தனை எந்த வடிவத்தில் வந்தாலும் அந்த வேலை வேண்டாம். மழை, காற்று, தளத்தில் கேட் திறக்காதது ஆகியவற்றால் வீணாகும் நாளுக்குத் தனிக் கட்டணம். இதையெல்லாம் சேர்த்த பிறகு என்னிடம் வரும் அழைப்புகள் குறைந்தது உண்மை. வந்தவர்களில் பணம் தராமல் போனவர்கள் யாரும் இல்லை.

இதே நிலையில் ஏற்கெனவே மாட்டியிருந்தால், முதலில் மெமரி கார்டில் இருக்கும் அசல் கோப்புகளை அழிக்காமல் இரண்டு இடத்தில் நகலெடுங்கள். ஃப்ளைட் லாக், ரோவர் பதிவு, தளத்தில் கையெழுத்திட்ட பதிவேட்டின் போட்டோ, மெசேஜ்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். அவர்களுடைய ஒப்பீட்டு அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மறுத்ததையும் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு, இறுதி வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள உங்கள் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, யார் மீதும் பழி சொல்லாமல், இந்தத் தேதியில் இந்தத் தளத்தில் இந்தச் சர்வேயைச் செய்தது நான், இதற்கான தொகை நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். என் விஷயத்தில் ஒரு பகுதிப் பணமாவது வந்தது, அறிக்கை அந்த எஞ்சினியர் கையில் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை ஏஜென்சி அறிந்த பிறகுதான்.