பழைய பிஎஸ்ஏ-வுக்கு மாற்று டேங்கு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய பிரிட்டிஷ் மோட்டார் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது பெட்ரோல் டேங்குக்குத்தான் அலைகிறார்கள். அசல் டேங்கு உள்ளே துருவேறிச் சல்லடையாகிவிட்டது. பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் எப்போதாவது கண்ணில் படுவதும் அதே கதிதான். இந்தத் தவிப்பைத் தெரிந்துகொண்டு, "இங்கிலாந்து அசல், பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்காதது" என்று படம் போட்டு விற்கிறார்கள்.

பிஎஸ்ஏ நிறுவனத்தின் பழைய மோட்டார்சைக்கிளான பி31 ஒன்றுக்கு இப்படி 1,450 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டேங்கு வாங்கி, 650 வெள்ளிக்கு ஒரு கடையில் சாயம் அடித்து, பெட்ரோல் ஊற்றிய இரண்டாம் நாளே மூடியைச் சுற்றிச் சாயம் கொப்பளித்துக் கிளம்பிய விவரம்தான் இந்தப் பதிவு. "சாயக்காரர் கெடுத்துவிட்டார்" என்கிறார் விற்றவர். "டேங்கே ஒழுகல், நான் என்ன செய்ய" என்கிறார் சாயக்காரர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குள் இருவரும் ஒளிந்துகொள்கிறார்கள். அதற்கு இடம் கொடுத்தது ஒன்றே ஒன்று: கசிவு பார்க்காமலே டேங்கு சாயத்துக்குப் போனது.

டேங்கு பளபளக்கும் கறுப்புப் பூச்சோடு வந்தது. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும். பி31 தயாரிப்பு 1959-இல் நின்றுபோனது. அறுபது வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த டேங்குக்குள் விளக்கடித்தால் மங்கிய சாம்பல் நிறத் தகடு தெரியும். மூலைகளில் பழுப்புத் தூள் இருக்கும். இதில் தெரிந்ததோ புது எண்ணெய்ப் பசையும், பொரி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த வெல்டிங் உருண்டைகளும். இது இந்தியாவில் அண்மையில் செய்த மாற்று டேங்கு. அங்கிருந்து வரும் டேங்கெல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. தகடு வேலை சுத்தமாக உள்ளவையும் வருகின்றன. மாற்று டேங்கை மாற்று என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் மனக்குறை இருக்காது. அசல் என்று சொல்லி விலையை ஏற்றியதும், குறையை மறைக்கப் பூச்சு அடித்ததும்தான் மோசடி.

முதல் குறை, பெட்ரோல் டேப்பின் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகுக்குழாயின்) மரை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் டேங்கில் டேப் போடும் துளைக்கு கால் அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை: அங்குலத்துக்கு 19 புரி, டேப்பின் வெளிவிட்டம் 13.16 மில்லிமீட்டர். இந்த டேங்கில் வெட்டியிருந்ததோ 14 மில்லிமீட்டர் மரை, புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அசல் டேப்பை வைத்தால் இரண்டு சுற்று ஆடிக்கொண்டே இறங்கும், மூன்றாவதில் இறுகின மாதிரி தெரியும். உண்மையில் அது பிடிக்கவில்லை. புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்கின்றன. இதைக் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்த பதில்: "பாஸ், வெள்ளை டேப் நாலு சுத்து சுத்துங்க, சரியாயிடும்." தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் அந்த வெள்ளை நாடா நார்நாராகப் பிய்ந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும். மரை சரியாக இருந்தால் நாடாவே தேவையில்லை. ரப்பர் உதடு வைத்த டௌட்டி வாஷர் ஒன்று போதும். பெரிதாக வெட்டிய துளையைச் சின்னதாக்க வழியில்லை. துளையில் பதித்த பழைய புஷ்ஷை (மரை வெட்டிய வளையத்தை) எடுத்துவிட்டு, சரியான மரை வெட்டிய புஷ்ஷைப் பித்தளைப் பற்று வைத்துப் பொருத்த வேண்டும். சாயம் அடித்த டேங்கில் அந்த நெருப்பைக் காட்டினால் சுற்றிலும் ஒரு கையகலத்துக்குச் சாயம் கருகும்.

இரண்டாவது குறை இன்னும் மோசம். 1954-க்குப் பிறகு பின்சக்கரத்துக்கு ஆடும் கை வைத்து வந்த பிஎஸ்ஏ-க்களில் டேங்கை நடுவில் ஒரே ஒரு நீள போல்ட்டுதான் பிடிக்கிறது. அந்த போல்ட்டு போக டேங்கின் மேலிருந்து கீழ்வரை ஒரு குழல் ஊடுருவும். மேலும் கீழும் அதை வெல்டிங் செய்து அடைத்திருப்பார்கள். சிங்கிள் சிலிண்டர் அதிர்வு முழுவதும் அந்த இரண்டு வளையத்தில்தான் விழும். இதில் கீழ் வளையம் அரைகுறை வெல்டிங். அது தெரியாமலிருக்க உள்ளே ஓட்டை அடைக்கும் சீலரை ஊற்றிக் குலுக்கி அனுப்பியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பசைமேல் ஊற்றிய சீலர் தகட்டில் பிடிக்காது. பெட்ரோல் பட்டதும் தோல்தோலாக உரிந்து டேப்பின் வலையை மூடியது. உரிந்த இடத்தில் கசிவு தொடங்கியது. அந்தக் கசிவு நேராக விழுவது சூடான சிலிண்டர் தலைமேல், ஸ்பார்க் பிளக் ஒயருக்குப் பக்கத்தில். பணம் போனதைவிட இதுதான் எங்களைப் பதறவைத்தது.

டேங்கு கைக்கு வந்த அன்றே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். பழைய பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த வழிதான். சுண்ணாம்புத் தூளையோ சாக்குக்கட்டித் தூளையோ மெத்தனாலில் குழைத்து, எல்லா மூட்டுகளிலும், டேப் புஷ் ஓரத்திலும், நடுக்குழலைச் சுற்றியும் தூரிகையால் பூசிக் காயவிடுங்கள். உள்ளே இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு பக்கத்துக்கு ஆறு மணி நேரம் என்று நான்கு பக்கமும் திருப்பி வையுங்கள். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட மெல்லிய பிளவிலும் ஊறும். ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் வெள்ளைப் பூச்சில் கறுத்த ஈரப் பொட்டு விழும். அதைப் படமெடுத்துத் தேதியோடு விற்றவருக்கு அனுப்புங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். வெறும் தகட்டில் நம் ஊர் ஈரத்துக்கு ஒரே இரவில் செம்பழுப்பு பிடித்துவிடும்.

காற்றடித்துச் சோப்பு நுரையில் பார்ப்பவர்களும் உண்டு. அது நல்ல சோதனைதான், ஆனால் சைக்கிள் பம்ப் மட்டும் போதும். 2 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்றக்கூடாது. கம்ப்ரசரை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் டேங்கின் தட்டைப் பக்கம் புடைத்துக்கொள்ளும், பிறகு அது பழைய வடிவத்துக்குத் திரும்பாது. ஓட்டை கண்டால் வெல்டிங் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பெட்ரோல் ஒருமுறை பட்ட டேங்கில் ஆவி தங்கியிருக்கும்; பொறி பட்டால் வெடிக்கும். ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடைகளில் டேங்கைக் கழுவி ஆவி போக்கி ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடமே கொடுங்கள்.

கசிவு இல்லை என்று தெரிந்தபிறகும் நேராகச் சாயத்துக்குப் போகாமல், வெறும் டேங்கை மோட்டார்மேல் ஏற்றிப் பாருங்கள். இந்த டேங்கின் நடுப்பள்ளம் ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து சட்டத்தின் மேல்குழாயில் உராய்ந்தது. சட்டத்துக்கும் தகட்டுக்கும் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு விரலின் பாதியளவு இடைவெளி வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். திராட்டில் கேபிள் நசுங்குகிறதா, கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்ற இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். அடியில் வைக்கும் ரப்பர் நைட்ரைலாக இருக்கட்டும். சாதா ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதி இளகிவிடும். போல்ட்டை ரப்பர் லேசாக அமுங்கும் வரைக்கும்தான் முடுக்க வேண்டும், அதற்குமேல் நட்டு கழலாமலிருக்க நைலான் வளையம் வைத்த நட்டு. மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். மாற்று மூடிகளில் அது இல்லாமலே வருவதுண்டு. உள்ளே வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிடும். ஆட்கள் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இனி சாயம். "அண்ணே, டூ-கேதான் அடிச்சிருக்கேன், பெட்ரோல் பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி 650 வெள்ளி வாங்கினார்கள். டூ-கே என்பது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் சாயம். இவர்கள் அடித்ததோ ஹார்டனர் கலக்காத சாதா லேக்கர். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பஞ்சில் தின்னரை நனைத்து, டேங்கின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரை நிமிடம் தேய்த்தால் லேக்கர் கரைந்து பஞ்சில் சாயத்தின் நிறம் ஏறிவிடும். நன்றாக இறுகிய டூ-கே கிளியரில் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சில்) பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். டேங்கை வாங்கிக்கொள்ளுமுன் கடையிலேயே, அவர்கள் கண்முன்னே இதைச் செய்யுங்கள். மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

கொப்பளித்த சாயத்தைச் சுரண்டியபோது மற்றதும் தெரிந்தது. கறுப்புப் பூச்சை எடுக்காமல் அதன்மேலேயே பள்ளம் நிரப்பும் புட்டி. சில இடங்களில் நாலைந்து மில்லிமீட்டர். அந்தப் புட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பாலியெஸ்டர் புட்டி பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சும். மேலே சாயம் மூடியதும் வெளியேற வழியில்லாத அந்த ஈரம், வெயிலில் நிறுத்திய டேங்கில் ஆவியாகிச் சாயத்தைத் தூக்கிவிடும். மூடி வாயைச் சுற்றிய கொப்புளங்கள் வேறு வகை: வாயின் உள்விளிம்பு வரை கிளியர் ஏறாததால், பெட்ரோல் நிரப்பும்போது சிந்தியது சாயத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் நுழைந்துகொண்டது.

செய்ய வேண்டிய முறை இது. பூச்சு, புட்டி எல்லாவற்றையும் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய்ப் பசை போகக் கிரீஸ் நீக்கியால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைக்க வேண்டும். உடனே எப்பாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு பூச்சு, டேங்கின் அடியிலும் நடுப்பள்ளத்திலும் சேர்த்து. பினாங்கின் உப்புக் காற்று முதலில் தின்பது அங்கேதான். புட்டி எப்பாக்ஸிமேல், இரண்டு மில்லிமீட்டருக்குள், உப்புத்தாளால் தண்ணீரில்லாமல் மட்டும் தேய்ப்பு: 180 நம்பர், பிறகு 320. அதன்மேல் டூ-கே பிரைமர், 600 நம்பரில் மட்டம். பிறகு நிறம் இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். தங்கக் கோடு போடுவதானால் இந்தக் கட்டத்தில். கிளியருக்கு மேலே போட்ட கோடு பெட்ரோல் துணி பட்டால் போய்விடும். கடைசியில் கிளியர் இரண்டு பூச்சு. கலவை விகிதம் டின்னிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்டனர். ஒரு டேங்குக்குக் கலந்த கிளியர் அரை லிட்டர் தாராளம். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருப்பதால் சாதா முகக்கவசம் உதவாது.

மழை கட்டிய சாயங்காலத்தில் அடிக்க விடாதீர்கள். கம்ப்ரசர் குழாயில் நீர் பிரிப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிளியருக்குள் நீர்த்துளி போய் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கடையில் சூட்டு அறை இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குப் பெட்ரோல் ஊற்றாமல் வையுங்கள். "நாளைக்கே ஓட்டலாம்" என்று சொல்லும் கடையை நம்ப வேண்டாம்.

பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும்; வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி "பாரம் 1" என்ற படிவத்தை நிரப்பினால் போதும், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு வியாபாரம் செய்பவராக இருக்க வேண்டும். தன் பழைய பொருளை விற்கும் தனி ஆளை அங்கே இழுக்க முடியாது. அதனால் கடைப் பெயர் போட்ட ரசீது இல்லாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். டேங்கு ரசீதில் "அசல்" அல்லது "மாற்று" என்று எழுதி வாங்குங்கள். சாய ரசீதில் "டூ-கே கிளியர், பழைய பூச்சு முழுவதும் நீக்கி" என்று எழுதச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

அந்த விளம்பரம் வேறு பெயரில் இன்னமும் ஓடுகிறது; படத்தில் டேங்கின் வலப்பக்கம் மட்டும்தான் தெரியும். கேட்பவர்கள் மூன்று படம் கேளுங்கள்: அடிப்பக்கம் முழுவதும், நடுக்குழலின் கீழ் வளையம் கிட்டத்தில், அசல் கால் அங்குல பிஎஸ்பி டேப்பைக் கையால் கடைசிவரை திருகிய நிலையில் ஒன்று. எங்களுக்கு முதல் இரண்டை அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை.