பரணிப் பெண்பிள்ளைக்கு ‘லெய்லானி’: ஐந்நூறு ரூபாய்ப் பெயர்ப் பட்டியல் தேறுமா?

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிற கடைகளில் ‘மாடர்ன் பெயர்ப் பட்டியல்’ என்று ஒன்று கிடைக்கிறது. பிறந்த நாளும் நேரமும் கொடுத்தால் போதும். நட்சத்திரம், பாதம், நாம எழுத்து, அந்த எழுத்தில் நாற்பது ஐம்பது பெயர், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், கூட்டு எண் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவரில் போட்டுத் தருவார்கள். இங்கே மதிப்பிடுவது பரணி நட்சத்திரப் பெண்குழந்தைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு பட்டியல். கடைப் பெயர் வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நட்சத்திரக் கணக்கில் குறையில்லை. பெயர்த் தேர்விலும் பெரிய பழுதில்லை. ‘அர்த்தம்’ என்று போட்டிருக்கும் கட்டத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது, அதிலும் ‘ஹவாய்’ என்று குறித்திருக்கும் வரிகளை.

நெல்லைப் பட்டியலுக்குள் ஹவாய் எப்படி நுழைந்தது? எழுத்துப் பஞ்சம்தான் காரணம். பரணிக்கு நாலு பாதத்துக்கும் முறையே லி, லு, லே, லோ. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. லீலா, லோகநாயகி, லோகேஸ்வரி என்று வடமொழிப் பெயர்கள் ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடும். ‘லு’வுக்கு அதுவும் கிடையாது. லகரம் மலிந்த மொழியாகப் பார்த்து, பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய்த் தீவுகளின் மொழியிலிருந்து பட்டியல் தயாரித்தவர் அள்ளிப் போட்டிருக்கிறார். முதல் பாதத்துக்கு லிலோ, இரண்டாவதுக்கு லுவானா, மூன்றாவதுக்கு லெய்லானி, நாலாவதுக்கு லோகேலானி. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அர்த்தத்தை அகராதியில் பார்க்காமல் இணையத்தில் கிடைத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்.

லெய்லானிக்கு ‘சொர்க்கத்துப் பூ’ என்று போட்டிருக்கிறது. ஆங்கிலப் பெயர்த் தளங்கள் பலவற்றிலும் இதே பிழை உண்டு. பெயரை லெய், லானி என்று பிரிக்க வேண்டும். லெய் என்றால் மாலை. பூவில் கட்டியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இலை, சிப்பி, விதை, பறவை இறகு எதில் கோத்தாலும் லெய்தான். இறகு மாலை அங்கே பிரபுக் குலத்தாருக்கு உரியது. லானி என்றால் வானம். அதோடு, வானத்துக்கு நிகராக மதிக்கப்பட்ட அரசகுலத்தாரையும் அந்தச் சொல் குறிக்கும். ஆக, ‘வான் மாலை’ என்பது நேர்ப்பொருள்.

இன்னொரு பொருள்தான் அழகு. ஹவாய் மொழியில் செல்லப் பிள்ளையையும் லெய் என்பார்கள். ஆனித் தேரோட்டத்தன்று கூட்டத்தில் அப்பன் தோளில் ஏறி, இரண்டு காலையும் அவன் மார்பில் தொங்கவிட்டு, தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். பிள்ளைதான் கழுத்து மாலை. அப்படிப் பார்த்தால் லெய்லானி என்பது ‘அரச குழந்தை’. பெயர்ப் பட்டியலுக்கு இதைவிட நல்ல வரி கிடைக்குமா? அதை விட்டுவிட்டுப் பூவைப் பிடித்துக்கொண்டார்கள்.

(பூ என்றே பேசினாலும் நமக்குச் சொந்தம் கொண்டாட இடமிருக்கிறது. அங்கே மணப்பெண்ணுக்குச் சரம் சரமாகப் போடும் லெய்களில் ஒன்று நம்முடைய குண்டுமல்லிதான். அதற்கு அங்கே பிகாகே என்று பெயர். மயிலுக்கும் அதே சொல். ஹவாய் இளவரசி கையுலானிக்கு மயில், மல்லிகை இரண்டும் பிரியம் என்பதால் பூவுக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது.)

பட்டியலின் அடிக்குறிப்பு, லெய்லானி ‘லைலா என்னும் அரபுப் பெயரின் இன்னொரு வடிவம்’ என்கிறது. இது முழுத் தவறு. லைலா அரபு, பொருள் இரவு. முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் ஓசை ஒற்றுமை தவிர ஒட்டு உறவு கிடையாது.

லிலோவுக்கு ‘தாராள மனம் கொண்டவள்’ என்று பொருள் போட்டிருக்கிறது. மேரி கவேனா புகுயும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்து 1957இல் வெளிவந்த ஹவாய் அகராதியில் பார்த்தால், லிலோ என்பது கைவிட்டுப் போதல், தொலைந்து போதல், பிறர் வசமாதல். முதல் பாதத்துப் பிள்ளைக்கு ஆசையாகத் தேடி ‘தொலைந்து போனவள்’ என்று வைக்க எந்த ஆச்சி சம்மதிப்பாள்? லுவானா பரவாயில்லை, ஓய்வாக மகிழ்ந்திருத்தல். லோகேலானிக்கும் ‘வானத்து ரோஜா’ என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் ‘பழமையான ஹவாய்ப் பெயர்’ என்ற பின்குறிப்பைத்தான் ஏற்க முடியாது. ‘லோகே’ என்பது ரோஸ் என்ற ஆங்கிலச் சொல்லே. ர இல்லாததால் ல ஆனது, ஸ இல்லாததால் க ஆனது.

இந்த ஓசைக் கணக்கு தெரிந்தால் எந்தப் பட்டியலையும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஹவாய் எழுத்துமுறையில் உயிர் ஐந்து, மெய் எட்டு: ஹ, க, ல, ம, ன, ப, வ, அதோடு தொண்டையில் ஓசையை நிறுத்திக் காட்டும் ‘ஒகினா’ என்னும் குறி. அவ்வளவுதான். ச, ர, த, ட, ஜ, ய கிடையாது. (லெய், மாலியா என்று நாம் எழுதும்போது வரும் யகரம், மூலத்தில் இ என்ற உயிர்தான்.) இரண்டு மெய் சேர்ந்து வராது. ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடியும். ‘ஹவாய்’ என்று போட்ட பெயரில் ர வந்தால் அது மாவோரியாகவோ தாஹித்தியாகவோ இருக்கலாம். ஸ வந்தால் சமோவாப் பெயராக இருக்கலாம். இரண்டு மெய் ஒட்டி நின்றால், இந்தப் பசிபிக் தீவு மொழிகளின் குடும்பமான பாலினீசியத்துப் பெயரே ஆகாது. ஒரே வானம் தொங்காவில் ‘லங்ஙி’, சமோவாவிலும் ‘லங்ஙி’, நியூசிலாந்து மாவோரியில் ‘ரங்ஙி’, ஹவாயில் ‘லனி’. (‘ங்ங’ இரண்டாகத் தெரிந்தாலும் அங்கே ஒரே மெய்தான்.) அன்பும் அப்படியே, ஹவாயில் அலோஹா, மாவோரியில் அரோஹா. திருச்செந்தூர் போகிற வழியில் ‘அரோஹா’ என்று பிள்ளையைக் கூப்பிட்டால் பாதயாத்திரைக் கூட்டமே ‘அரோகரா’ என்று பதில் கொடுத்துவிடும், அது வேறு விஷயம்.

கிறிஸ்தவப் பெயர்களிலும் இந்தக் கணக்குதான். 1820இல் ரேனியஸ் ஐயர் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்க மிஷனரிகளின் முதல் கூட்டம் ஹவாயில் கரை இறங்கியது. இங்கே மரியாள், யோவான், தாவீது. அங்கே மாலியா, கியோனி, காவிகா. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் மாலியாவுக்கு ‘அமைதியான கடல்’ என்று இருக்கிறது. அது மரியாள்தான். ஒபாமா 1998இல் பிறந்த மூத்த மகளுக்கு வைத்த பெயரும் இதுவே. அவர் பிறந்த ஊர் ஹொனலுலு. அனேலாவும் ஏஞ்சல்தான். ஞானஸ்நானத்துக்குப் பெயர் தேடும் பாளையங்கோட்டைக் குடும்பத்துக்கு மாலியா கச்சிதமாகப் பொருந்தும். அர்த்தத்தைச் சரியாகப் போட்டிருந்தால் கடைக்காரருக்கே லாபம்.

லெய்லானிக்குப் பட்டியல் போட்டிருக்கும் ‘உலகப் புகழ் பெற்ற பெயர்’ என்ற வரி மிகையல்ல, ஆனால் அந்தப் புகழ் வந்த வழி சுற்றுவழி. 1860இல் ஹவாயை ஆண்ட நாலாம் கமேஹமேஹா மன்னர் ஒரு பெயர்ச் சட்டம் போட்டார். பிறக்கும் பிள்ளைக்கு முதற்பெயர் கிறிஸ்தவப் பெயர், குடும்பப் பெயர் அப்பாவுடையது என்று விதி. அதனால் லெய்லானி போன்றவை நடுப்பெயராகத்தான் உயிர் பிழைத்தன. 1967இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. இடையில் 1934இல் ஹாரி ஓவன்ஸ் என்ற இசையமைப்பாளர் தன் கைக்குழந்தை லெய்லானிக்காக ஒரு பாட்டு எழுதினார். 1937இல் பிங் கிராஸ்பி அதைப் படத்தில் பாட, பாட்டு ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்கப் பெருநிலத்தில் பெயர் பரவ அதுவும் ஒரு வழி. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர் எண்ணிக்கையை வெளியிட்டு வைத்திருக்கிறது. 2020களின் பட்டியல்களில் லெய்லானி முதல் நூறு பெண்பெயர்களுக்குள் நிற்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்து, கடைக்காரர்கள் கூடுதல் காசு பார்க்கும் இடம், எண்கணிதம். எழுத்துக்கு எண் கொடுக்கும் கீரோ அட்டவணைப்படி லெய்லானிக்கு ஆங்கிலத்தில் எல் 3, ஈ 5, ஐ 1, எல் 3, ஏ 1, என் 5, ஐ 1. கூட்டினால் 19. எண்கணிதக்காரர்களே நல்ல எண் என்று வைத்திருப்பது. நடு ஐயை எடுத்துவிட்டு ஒய் போட்டாலும் ஒய்க்கும் 1 என்பதால் அதே 19. எதையும் தொட வேண்டியதில்லை. இருந்தும் பட்டியலில் ‘அதிர்ஷ்ட வடிவம்’ என்று ஓர் ஏ கூட்டி எழுதி, தனிக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். ஏ ஒன்று கூடினால் 20. இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கும் அவர்கள் கணக்கிலேயே 1 போய் 2 ஆகிறது. எண்கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்களும் இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். இன்ஷியலைச் சேர்த்துக் கூட்டுகிறாரா, சேர்க்காமலா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தொகை அங்கேதான் மாறும்.

எழுத்தில் லெய்லானிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒகினாவும் இல்லை, உயிரெழுத்தின் மேல் இடும் நெடில் கோடும் இல்லை. கையுலானி, லிலியுவோகலானி போன்ற பெயர்களில் ஒகினா ஒரு மெய்யெழுத்து; அதை விட்டால் பெயர் குறைப்பட்டுப்போகும். பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரியில் அந்தக் குறிக்கு இடமே கிடையாது. லெய்லானி எந்தப் படிவத்திலும் சேதமில்லாமல் உட்காரும்.

சேதம் தமிழில்தான் வரும். லைலானி, லீலாணி, லெயிலானி, லேலானி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மூல ஒலிப்பில் அழுத்தம் நடு அசையில், நெடில் கிடையாது. ‘லெய்லனி’ என்பதே நெருக்கம். ஆனாலும் லெய்லானி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதுவே இருக்கட்டும். ‘லை’ மட்டும் வேண்டாம். முற்றத்தில் நின்று “ஏட்டி லெய்லானி, இங்கன வா” என்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆச்சி வாயில் அது எப்படியும் ‘லேலானி’ ஆகும். வீட்டுப் பெயராக ‘லானி’ மிஞ்சும். இரண்டும் குற்றமில்லை.

பதிவுக்குப் போகும்முன் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போக வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் காலியாக விட்டுப் பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணமில்லை. அதற்குப் பின் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரத்தில் தப்பாகப் பதிந்துவிட்டுத் திருத்தம் என்று அலைவதைவிட ஒரு மாதம் யோசித்துச் சேர்ப்பது எவ்வளவோ மேல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எதற்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் உள்ள எழுத்தே ஆதாருக்கும் போக வேண்டும். ஆதார் மையத்தில் ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழ் தானாக வந்து நிற்கும். அது ‘லேஇலானி’ என்று வந்தாலும் வரும். சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போடுமுன் தமிழ் வரியைப் படித்துத் திருத்தச் சொல்லிவிட வேண்டும்.

ஆண்பிள்ளைப் பட்டியலைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ‘கியானு’ என்று போட்டு மிருகசீரிடத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கில வாயில் அது கியானு; ஹவாய் மொழியில் ‘கெ அனு’, அதாவது குளிர்ச்சி. ‘மலைமேல் வீசும் தென்றல்’ என்பதெல்லாம் பிறகு கூட்டிச் சொன்னது. கி என்றால் மிருகசீரிடம் நாலாம் பாதம், கே என்றால் புனர்பூசம் முதல் பாதம். நட்சத்திரம் பார்த்துத்தான் பெயர் என்றால் எந்த ஒலிப்பை எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, காசு கொடுக்குமுன்னே அந்த வரியை மாற்றி பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடையில் கோப்பு திறந்தே இருக்கும். கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.