வாடகையா, சொந்த வீடா: விடை சொல்லும் கால்குலேட்டரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வீடு வாங்குவதா, வாடகையிலேயே தொடர்வதா என்று முடிவெடுக்க உதவும் கால்குலேட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுள் பல, வீட்டுக்கடன் கொடுப்பவர்களின் தளங்களில் இருப்பவை. மாதத் தவணை இவ்வளவு என்று சொன்ன கையோடு விண்ணப்பப் படிவத்தையும் திறந்து வைத்துவிடும். இங்கே நான் மதிப்பிடுவது அந்த வகையை அன்று. வாடகைக்கு இருப்பவரின் கணக்கையும் வாங்குபவரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஆண்டிலிருந்து வாங்குவது லாபம் என்று கூறும் ஒப்பீட்டுக் கால்குலேட்டரைப் பற்றியே எழுதுகிறேன்.

இதன் முதல் சிறப்பு, கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பது. வீட்டின் விலை, முன்பணம், வட்டி விகிதம் ஆகியவற்றை எல்லாரும் கேட்பார்கள். பதிவுச் செலவு, தரகு, ஆண்டுப் பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு, பின்னாளில் விற்கும்போது ஆகும் செலவு, முன்பணத்தை வேறு எங்காவது முதலீடு செய்திருந்தால் கிடைத்திருக்கும் வருவாய் என்று இது அடுக்கிக்கொண்டே போகிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வாடகை என்பது திரும்பி வராத பணம் என்று உறுதியாகப் பேசுபவர்கள்கூட வட்டி, வரி, பராமரிப்பு ஆகியவையும் திரும்பி வராத பணம்தான் என்பதை இந்தப் பெட்டிகளை நிரப்பும்போது உணர்ந்துவிடுவார்கள்.

கடன் அட்டவணையையும் தெளிவாகக் காட்டுகிறது. 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்று கொடுத்துப் பாருங்கள்: முதல் மாதத் தவணையில் முக்கால் பங்கு வட்டிக்கே போய்விடும். கடன் 100 என்று வைத்துக்கொண்டால், 5 ஆண்டுகளில் நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ 46.5, அசலில் குறைந்திருப்பதோ 14-க்கும் சற்றுக் கீழே. சில ஆண்டுகளிலேயே வேலை நிமித்தமாக ஊர் மாற நேரிடும் என்ற நிலையில் இருப்பவர்கள் பார்க்கவேண்டிய அட்டவணை இது.

இனிக் குறைக்கு வருவோம். முதன்மையான குறை ஒரே ஒரு பெட்டியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிதான் விடையையே தீர்மானிக்கிறது. வீட்டின் விலை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும் என்ற கேள்விக்கு, நாம் எதையும் நிரப்புவதற்கு முன்பே ஓர் எண் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்க, வீட்டின் விலையை 100 என்றும், ஆண்டு வாடகையை 4 என்றும், பராமரிப்பையும் வரியையும் சேர்த்து 1.5 என்றும் கொடுத்தேன். வாங்கும் செலவு 7; விற்கும் செலவு விற்பனை விலையில் 3 சதவீதம். வாடகையும் பராமரிப்பும் ஆண்டுக்கு 4 சதவீதம் உயரும் என்றும், கடன் வட்டியும் முதலீட்டு வருவாயும் 7 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டேன். (இவ்விரண்டும் சமமாக இருக்கும்போது, முன்பணம் கூடுதலா குறைவா என்பது விடையைப் பெரிதாக மாற்றாது.) விலை உயர்வு 6 சதவீதம் என்றால், ஏறத்தாழ 9-ஆம் ஆண்டில் வாங்கியவர் முந்துகிறார், 5-ஆம் ஆண்டிலேயே விற்றுவிட்டால் இன்றைய மதிப்பில் 3-க்கு மேல் இழக்கிறார். அதே உயர்வை 5 சதவீதம் ஆக்கியதும், 30 ஆண்டுகள் கடந்தும் வாங்கியவர் முந்தவே இல்லை. மற்ற எந்த எண்ணையும் நான் தொடவில்லை.

ஒரே ஒரு சதவீதத்தில் விடை தலைகீழாகிறது என்றால், அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கருவி சொல்லவேண்டாமா? சொல்வதில்லை. 14 வளர்ந்த நாடுகளின் வீட்டு விலைகளை 1870 முதல் 2012 வரை தொகுத்து ஆராய்ந்து, 2017-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று உண்டு. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விலை பெரிதாக உயரவில்லை என்றும், அதன் பிறகே வேகமாக ஏறியது என்றும், அந்த ஏற்றத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு நிலத்தின் விலையே காரணம் என்றும் அது கூறுகிறது. உயர்வது மண், அதன்மேல் நிற்கும் கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டுதான் இருக்கும். நிலத்தில் சிறு பங்கு மட்டுமே கிடைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் தனி மனைக்கும் இந்தக் கருவி ஒரே உயர்வு விகிதத்தை நிரப்பித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு அனுமானமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை, வாடகைக்கு இருப்பவர் மாதந்தவறாமல் முதலீடு செய்வார் என்று இது எடுத்துக்கொள்கிறது. செய்பவர்கள் இருக்கிறார்கள், செலவழித்துவிடுபவர்களே அதிகம் என்பது என் எண்ணம். தவணை என்ற கட்டாயம் இல்லாவிட்டால் தம் கையில் பணம் தங்காது என்று அறிந்தவர்கள், கருவி வாடகையைப் பரிந்துரைத்தாலும் வாங்குவதே நல்லதாக இருக்கலாம். மாறாக, தவணை கட்டிய பின் ஆறு மாதச் செலவுக்குக்கூடக் கையிருப்பு இராது என்ற நிலையில் இருப்பவர்கள், கருவி வாங்கச் சொன்னாலும் பொறுத்திருப்பது நல்லது. வருமானம் நிலையானதா, கையிருப்பு எவ்வளவு என்று இது எங்கும் கேட்பதில்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். எத்தனை ஆண்டு தங்கினால் வாங்கலாம் என்ற கேள்விக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இத்தனை ஆண்டில் இவ்வளவு லாபம் என்று அது காட்டும் தொகையை ஒதுக்கிவிடுங்கள். விலை உயர்வுப் பெட்டியில் முதலில் பணவீக்க விகிதத்தை மட்டும் போட்டுப் பாருங்கள்; பிறகு ஒரு சதவீதம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். மூன்றிலும் வாங்குவதே மேல் என்று வந்தால் தயங்கவேண்டியதில்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் நிரப்பிய எண்கள் அனைத்தும் அழிந்துவிடுகின்றன, சேமிக்கும் வசதியும் இல்லை என்பதால், அவற்றைத் தனியே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.