சேலம் செய்தியறைத் தம்பிகளுக்கு: மேரியா, சின்சினாட்டியா?

ஐந்து ரோடு அருகே உள்ளூர் கேபிள் சேனலில் வேலை பார்க்கும் தம்பிகள் இருவர், பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டார்கள்.

களம்: 'தி மேரி டைலர் மூர் ஷோ' (1970–77), மினியாபொலிஸின் உள்ளூர் தொலைக்காட்சிச் செய்தியறை. 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' (1978–82), நலிந்துபோன வானொலி நிலையம்.

நீளம்: மேரி 168 அத்தியாயங்கள், சின்சினாட்டி 90.

மனிதர்கள்: முதல் தொடரின் நாயகி மேரி செயலாளர் வேலை கேட்டு வருகிறாள். அது போய்விட்டது; இணைத் தயாரிப்பாளர் வேலை இருக்கிறது, சம்பளம் வாரத்துக்குப் பத்து டாலர் குறைவு. பெரிய பதவி, சிறிய சம்பளம்! நம் ஊர்ச் செய்தியறைகளும் அறிந்த கணக்கு. சின்சினாட்டியில் செய்தியாளர் லெஸ் நெஸ்மனுக்குத் தனி அறை இல்லை. மேசையைச் சுற்றித் தரையில் நாடா ஒட்டி, அதையே சுவர் என்கிறார். எனக்கு மனம் கனத்தது.

செய்தி ஆசிரியராக விரும்பும் தம்பிக்கு மேரி. சேனலுக்கு விளம்பரம் பிடிக்க அலையும் தம்பிக்குச் சின்சினாட்டி.