கை வீக்கம்: ஸ்டெம் செல் ஊசியும் ஆறு வருட ஸ்லீவும்

ஐப்பசி மழையில் கோத்தகிரியில் துணி காயாது. போர்வை காயாவிட்டால் இன்னொரு போர்வை எடுத்துக்கொள்ளலாம். வீங்கிய கையில் மாட்டும் இறுக்க உறை, அதாவது ஸ்லீவ், காயாவிட்டால் சாயங்காலத்துக்குள் கை கனக்கத் தொடங்கிவிடும். முதல் வருடம் அவசரத்துக்கு விறகடுப்பு மேட்டில் போட்டு உலர்த்தினேன். நன்றாகத்தான் காய்ந்தது. மறுநாள் மாட்டினால் தொளதொளவென்று இருக்கிறது, எலாஸ்டிக் செத்துவிட்டது. 3,200 ரூபாய் போச்சு.

2018-இல் மார்பகப் புற்றுநோய்க்கு இடது மார்பில் அறுவை சிகிச்சை. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும், அதாவது நிணநீர் வடிகிற முடிச்சுகளையும், எடுத்தார்கள். பிறகு கீமோ, அப்புறம் கரண்ட் என்கிற கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் இடது கை வளையல் கழறவில்லை, சோப்புப் போட்டும் வரவில்லை. அக்குள் முடிச்சுகள் முழுதாக எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி வரும் என்று கோயம்புத்தூர் டாக்டர் அப்போதுதான் சொன்னார். முதல் ஒன்றிரண்டு முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இருபதில் ஒருவருக்குத்தானாம். முன்பே சொல்லியிருந்தால் வளையலையாவது கழற்றி வைத்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "யானைக்கால் கையிலயும் வருமாடி?" என்றார். கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிணநீர் போகிற வழி அடைபட்டது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது. என் மாமியார் நீலகிரித் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டார். அன்பாகத்தான் செய்தார், ஆனால் தோல் சிவந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கையைப் பிடித்துவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் செய்வது வேறு. கழுத்தில், மறுபக்க அக்குளில் ஆரம்பித்து, தோலை மட்டும் மெல்ல நகர்த்துவார். முதல் நாள், இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்றிருந்தது.

2020 ஊரடங்கில்தான் கெட்டது. பஸ் இல்லை, ஸ்லீவ் பழசாகிவிட்டது. எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. ஆள் கிடைக்காமல் நானே கொழுந்து பறிக்க இறங்கினேன். கவாத்து செய்த செடியின் குச்சி மணிக்கட்டில் கீறியது. எறும்பு கடித்த அளவுதான். ராத்திரி குளிர் நடுக்கம், காலையில் முழங்கைவரை சிவந்து சூடு. செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் கிருமித் தொற்று. ஆன்டிபயாடிக் ஊசியில் சரியானது, ஆனால் வீக்கம் ஒரு படி ஏறியே நின்றது. முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே டேப் வைத்தால் வலது கை 23.5, இடது கை 29.

அந்த அளவோடு இருந்தபோதுதான் 2022-இல் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு பெருநகரக் கிளினிக். பெயர் வேண்டாம். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து செல்லைப் பிரித்து அக்குளில் ஊசியாகப் போடுவார்களாம், புதிய நிணநீர்க் குழாய் முளைக்குமாம். 3 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. "இனி ஸ்லீவே வேண்டாம் மேடம்" என்றார் போனில் பேசிய பெண். மழையில் ஸ்லீவ் காயவைப்பவளிடம் இதைவிட என்ன சொல்ல முடியும்? இரண்டு பவுன் வளையலை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேசியாகிவிட்டது. எப்படியும் போட முடியாத வளையல்தானே.

கோயம்புத்தூர் டாக்டரிடம் சொன்னேன். திட்டவில்லை. அந்த யோசனை பொய்யில்லை என்றார். டென்மார்க்கில் ஒடன்சே பல்கலைக்கழக மருத்துவமனையில் இதையே 10 பெண்களுக்குச் செய்து 2017-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய கெடுதல் எதுவும் வரவில்லை. கனமும் இறுக்கமும் குறைந்ததாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். பாதிப் பேர் ஸ்லீவ் போன்றவற்றைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் கையின் அளவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத இன்னொரு குழுவும் அதில் இல்லை. பின்லாந்தில் நிணநீர்க் குழாயை வளர்க்கும் மரபணுவையே மருந்தாக்கி, வேறிடத்து நிணநீர் முடிச்சை எடுத்து வைக்கும் அறுவையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். வெறும் அறுவையைவிட அது மேல் என்று 2021-இல் வந்த முடிவில் காட்ட முடியவில்லை.

அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ஒப்புதல் பெற்ற சில ரத்த நோய்களைத் தவிர மற்றதற்கு ஸ்டெம் செல் போடுவதென்றால் அது ஆராய்ச்சியாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் கேளுங்கம்மா" என்றார். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதியும் அரசுப் பட்டியல் அது. கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்ற பெண் அதற்குப்பின் கூப்பிடவே இல்லை. அதற்கு முந்தின வாரம்வரை தினம் இரண்டு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

நிணநீர்க் குழாயைச் சிரையோடு தைக்கும் நுண் அறுவையையும் பேசினோம். ஆரம்ப நிலையில் செய்தால்தான் அதிகப் பலனாம். என் கையில் அதற்குள் நீரோடு கொழுப்பும் சேர ஆரம்பித்திருந்தது. விட்டுவிட்டேன்.

கடைசியில் பலன் கொடுத்தது பழைய வைத்தியம்தான். 2022 கடைசியில் கோயம்புத்தூரில் சின்னம்மா வீட்டில் மூன்று வாரம் தங்கி, தினமும் கட்டுப் போட்டுக்கொண்டேன். விரல் விரலாக ஆரம்பித்து, மேலே பஞ்சு, அதற்குமேல் அதிகம் இழுபடாத துணி, தோள்வரை. கை உலக்கை மாதிரி இருக்கும். சோறு பிசைய வராது. சின்னம்மா பேரன் என்னைப் பார்த்ததும் கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். மூன்று வாரத்தில் 29, 26 ஆனது. அந்த அளவுக்குப் புதிய ஸ்லீவ் எடுத்தோம். வீங்கிய கைக்கு அளவெடுத்தால் வீக்கத்தைத்தான் காப்பாற்றும் என்று அங்கே சொன்னார்கள். என் முதல் ஸ்லீவ் அப்படித்தான் வாங்கியது.

இப்போது இரண்டு ஸ்லீவ், மாற்றி மாற்றி. துண்டில் சுருட்டி அமுக்கிப் பிழிந்து, அடுப்படியில் நெருப்புக்கு எட்டாத கொடியில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், செலவுதான். வாரத்தில் மூன்று ராத்திரி கட்டு. என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டே துணியைச் சுருட்டி வைத்துவிடுவார். பறிக்கப் போனால் முழங்கைவரை உறை, மூட்டையை வலது பக்கம்தான் தூக்குவது. ஊசி, பி.பி. எல்லாம் வலது கையில். இந்தக் குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கும் பழக்கத்தை விட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். சூடு பட்டால் அந்தக் கை உப்பும்.

பதிவு எண்ணோடு, பணம் கேட்காமல் யாராவது நிஜமான ஆராய்ச்சி நடத்தினால் என் பெயரைக் கொடுப்பேன். அந்த ஆசை போகவில்லை. அதுவரை காலண்டர் பக்கத்தில் தொங்கும் நோட்டில் ஞாயிறுதோறும் அளவு எழுதுகிறேன். போன ஞாயிறு 26.4. நான்கு நாள் விடாத மழை, ஸ்லீவ் இரண்டுமே ஈரம்.